விலைபோகாத வைகறை

1930 வாக்கில் அமெரிக்காவில் வானொலி நேரத்தை விலைக்கு வாங்கப் போனால், மாலை ஏழு மணிக்குத்தான் மவுசு. வீட்டார் எல்லோரும் பெட்டியைச் சுற்றி உட்காரும் நேரம் அது. சோப்பு, சிகரெட் கம்பெனிகள் அந்த நேரத்துக்காக முட்டி மோதின. விடியற்காலை நான்கு மணியை யாரும் சீண்டவில்லை. ஊரே தூங்கும்போது யாருக்கு விளம்பரம் சொல்வது? கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பர்பாங்க் ஊரில் இருந்த கே.இ.எல்.டபிள்யூ. என்ற நிலையம், யாரும் கேட்காத அந்த இரண்டு மணி நேரத்தை, நான்கிலிருந்து ஆறுவரை, பெட்ரோ கொன்சாலஸ் என்ற மெக்சிகோக்காரரிடம் ஒப்படைத்தது.

கொன்சாலஸ் இளமையில் மெக்சிகோப் புரட்சியின்போது பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அடித்தவர். பிறகு பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் வந்து துறைமுகத்தில் சரக்கு இறக்கினார். நன்றாகப் பாடுவார். சான்செஸ் சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டு ‘லோஸ் மத்ருகதோரெஸ்’, அதாவது விடியுமுன் எழுபவர்கள், என்ற குழுவைத் தொடங்கினார். ஸ்பானிஷ் பாட்டு, வேடிக்கைப் பேச்சு, நடுநடுவே எங்கே வேலை இருக்கிறது என்ற தகவல். கேட்டவர்கள் ஆரஞ்சுத் தோட்டத்துக்கும் காய்கறி வயலுக்கும் சாலை வேலைக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். நான்கு மணி அவர்களுக்குத் தூக்கத்தின் நடுப்பகுதி அல்ல. அடுப்பு பற்றவைக்கும் நேரம். நிலைய முதலாளிகள் கணக்கில் வராத ஒரு நகரம் அந்த இருட்டில் விழித்திருந்தது.

விழித்திருந்தது மனிதர்கள் மட்டுமல்ல. வானமும் அந்த நேரத்தில் வானொலிக்குத் திறந்தே இருந்தது. விற்பனை அட்டையில் கடைசி இடத்தில் இருந்த அந்த நேரம், இயற்பியல்படி பார்த்தால் முதலிடத்துக்குப் போட்டியிடக் கூடியது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்றைய ஊர் வானொலி நிலையங்கள் ஒலித்தது மீடியம் வேவில். இந்த அலை கோபுரத்திலிருந்து கிளம்பினால் இரண்டு வழியாகப் போகும். ஒன்று, தரையைத் தழுவிக்கொண்டே போவது. மண் அதில் சிறிது சிறிதாக ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதால், கொஞ்ச தூரத்தில் அது நலிந்துவிடும். மற்றது, வானத்தை நோக்கிப் போவது. தரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டருக்கு மேல் அயனி மண்டலம் தொடங்குகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்குள்ள காற்று மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுத்து விடுகின்றன. அவிழ்ந்து திரியும் அந்த எலக்ட்ரான்கள்தான் வானொலி அலையின் விதியைத் தீர்மானிக்கின்றன.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ‘டி’ அடுக்கு என்ற ஒன்று உருவாகிறது. வானொலி அலை வந்து தொட்டதும் அங்குள்ள எலக்ட்ரான்கள் அலையின் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். ஆனால் அந்த உயரத்தில் காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. ஆடும் எலக்ட்ரான் உடனே ஒரு மூலக்கூறில் போய் மோதும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடும். இப்படிக் கோடானுகோடி மோதல்களில் பாட்டு முழுவதும் அங்கேயே கரைந்துபோகிறது. பகலில் ஒரு மீடியம் வேவ் நிலையம் தன் சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமே கேட்பது இதனால்தான்.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கு பாயைச் சுருட்டினாற்போல் காணாமல் போகிறது. அடர்த்தியான காற்றில் எலக்ட்ரான்களுக்குத் துணை தேட நேரம் ஆவதில்லை, பிரிந்ததும் சேர்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ‘எஃப்’ அடுக்கில் நிலைமை வேறு. காற்று அங்கே அவ்வளவு மெல்லியது. ஒரு எலக்ட்ரான் தன் இணையைத் தேடிச் சேர நெடுநேரம் பிடிக்கும். ஆகவே எஃப் அடுக்கு இரவு முழுவதும் நீடிக்கிறது. உறிஞ்சும் அடுக்கு போய், வளைத்துத் திருப்பும் அடுக்கு எஞ்சுகிறது. அலை மேலே போய் வளைந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் தரையிறங்குகிறது.

குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் பொழுது விடிய ஏழு மணி ஆகும். நான்கிலிருந்து ஆறு மணி முழுக்கவே இரவு வானம். கோடையில் தரைக்கு வெளிச்சம் வருமுன்பே உயரத்தில் உள்ள டி அடுக்குக்கு வெயில் பட்டுவிடுவதால் வாய்ப்பு சற்றுக் குறையும். ஆனால் இன்னொரு வசதி ஆண்டு முழுவதும் உண்டு. நள்ளிரவோடு பல நிலையங்கள் கடையை மூடிவிடும். அலைவரிசையில் இடைஞ்சல் குறைவு. மாலை ஏழு மணிக்குப் பத்துக் குரல்களுக்கு நடுவில் அமுங்கிப்போகும் ஒரு சிறு நிலையம், நான்கு மணிக்குத் தெளிவாகக் கேட்கும். தூரம், அமைதி, விழித்திருக்கும் கேட்பாளர் என மூன்றும் ஒன்றுகூடிய நேரத்தைத்தான் ஆங்கில வானொலி சல்லிசாக விட்டுக்கொடுத்தது.

கொன்சாலஸின் குரலுக்கு இருந்த வலிமையை அதிகாரிகள் விளம்பரதாரர்களுக்கு முன்பே உணர்ந்தார்கள். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. மெக்சிகோ வம்சாவளியினர் லட்சக்கணக்கில் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அவர்களில் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் ஏராளம். கொன்சாலஸ் இதை வானொலியில் கண்டித்தார். 1934இல் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் அவருக்கு 1 முதல் 50 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் சாட்டிய பெண் பின்னர் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றும் விடுதலை கிடைக்கவில்லை. மனைவி மரியா ஓயாமல் நடத்திய இயக்கத்துக்குப் பிறகு 1940இல் சான் க்வென்டின் சிறையிலிருந்து வெளியே வந்தார். வந்த கையோடு நாடு கடத்தப்பட்டார். எல்லைக்கு அப்பால் டிஹுவானாவில் மறுபடி வானொலியில் பாடினார். 1995இல், நூறு வயதை நெருங்கிய நிலையில் இறந்தார்.

இனி டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்கு வருவோம். என் மனதுக்கு நெருக்கமான நிலையம் அங்கேதான் இருக்கிறது.

1930களில் அந்த ஊரின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த மெக்சிகோ குடும்பங்களுக்கு இரவில் ஸ்பானிஷ் பாட்டுக்குப் பஞ்சமில்லை. 1930 செப்டம்பர் 18 அன்று மெக்சிகோ நகரில் எக்ஸ்.இ.டபிள்யூ. நிலையம் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளில் அதன் திறன் 250 கிலோவாட் அளவுக்கு உயர்ந்தது. அகுஸ்தின் லாராவின் பொலேரோக்கள், ரஞ்சேரா பாடகர்களின் குரல்கள் எல்லாம் எஃப் அடுக்கின் தயவில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து இறங்கின. பொழுது விடிந்ததும் டி அடுக்கு குறுக்கே வரும்; மெக்சிகோ நகரம் மங்கி மறைந்துவிடும். ஆக இரவில் தாய்நாடு கேட்டது. பகலில் கேட்பதற்குத் தங்களூர்க் குரல் ஒன்று தேவைப்பட்டது. உள்ளூர் வானொலி என்பதே பகல் சூரியன் ஏற்படுத்திக் கொடுத்த இடம்.

அந்த இடத்தை முதலில் நிரப்பியவை, ஆங்கில நிலையங்களில் அரை மணி, ஒரு மணி என்று வாங்கி நடத்தப்பட்ட நிகழ்ச்சிகள். மனுவேல் கோர்டெஸ் என்பவர் ‘லா வோஸ் லத்தீனா’ என்ற நிகழ்ச்சியை நடத்தினார். சான் அன்டோனியோவின் பிளாசா தெல் சகாட்டே சந்தைத் திடலில் மாலை வேளையில் குடும்பத்தோடு பாடிச் சில்லறை வாங்கிக்கொண்டிருந்த லிடியா மென்டோசா என்ற இளம்பெண்ணின் குரலைக் கேட்டு, அவர்தான் வானொலிக்கு அழைத்தார். கேட்டவர்கள் விடவில்லை, மறுபடி பாடச் சொல்லி அழைப்பு மேல் அழைப்பு. பிறகு ஒரு சத்து மருந்துக் கம்பெனியின் ஆதரவில் வாரம் மூன்றரை டாலர் சம்பளம். குடும்பத்துக்கு அது வீட்டு வாடகைக்கான பணம். 1934இல் ப்ளூபேர்ட் நிறுவனம் அவருடைய ‘மல் ஓம்ப்ரே’ பாட்டைப் பதிவுசெய்து வெளியிட்டது. பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் ஒற்றைக் குரலும் மட்டும். அந்தப் பாட்டின் வரிகளைச் சிறுமியாக இருந்தபோது மொன்டெர்ரேயில் சூயிங்கம் சுற்றிய காகிதத்திலிருந்து அவர் கற்றுக்கொண்டாராம். அந்த இசைத்தட்டு அமெரிக்கத் தென்மேற்கு முழுவதும் பரவியது.

ரவுல் கோர்டெஸ் வேறு ஒருவர். 1905இல் மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்தில் பிறந்து டெக்சாஸில் குடியேறியவர். ‘லா பிரென்சா’ என்ற ஸ்பானிஷ் நாளிதழில் நிருபர். பிறகு ஒரு மதுவாலையின் விற்பனைப் பிரதிநிதி. சேர்த்த பணத்தில் கே.எம்.ஏ.சி. நிலையத்தில் நேரம் வாங்கி நிகழ்ச்சி நடத்தினார். வாடகை நேரத்தின் கசப்பு அவருக்குப் புரிந்திருக்கும். நிலையம் கைமாறினாலோ நல்ல விளம்பரதாரர் வந்தாலோ, முதலில் போவது வாடகைக்காரனின் நேரம்தான். 1944இல் சொந்த நிலையத்துக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். போர்க்காலம், அந்நிய மொழி ஒலிபரப்பு என்றாலே சந்தேகம். மெக்சிகோ வம்சாவளி மக்களைப் போர் முயற்சியில் திரட்ட இந்த நிலையம் உதவும் என்று விண்ணப்பத்தில் எழுதினார். 1946இல் கே.சி.ஓ.ஆர். ஒலிக்கத் தொடங்கியது. அமெரிக்க மண்ணில் ஹிஸ்பானியர் ஒருவருக்கே சொந்தமாகி, முழு நேரமும் ஸ்பானிஷில் ஒலிபரப்பிய முதல் நிலையம் அது. நிலையத்தின் பெயரில் இருப்பது அவருடைய குடும்பப் பெயரின் முதல் பாதி. ‘லா வோஸ் மெஹிகானா’, மெக்சிகோவின் குரல், என்பது அதன் முழக்கம்.

அதன் இடம் 1350 கிலோஹெர்ட்ஸ். இந்த எண்ணிலிருந்தே ஒரு நிலையத்தின் உடம்பை வரைந்துவிடலாம். ஒளியின் வேகத்தை இந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் 222 மீட்டர் வரும். அதில் கால் பங்கு சுமார் 55 மீட்டர். இந்த அலைவரிசைக்கு ஏற்ற கோபுரத்தின் உயரம் அது. மீடியம் வேவ் நிலையத்தில் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவைத் தேடினால் கிடைக்காது. இரும்புக் கோபுரம் முழுவதுமே ஆன்டெனா. பீங்கான் காப்பின் மேல் நிற்கிறது. கோபுரத்தின் மறுபாதி மண்ணுக்குள் இருக்கிறது. அடியிலிருந்து நாலாபுறமும் செப்புக் கம்பிகளை ஆரம்போல் புதைப்பார்கள். 1930களின் இறுதியில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு 120 கம்பிகள் என்பது வழக்கமானது. ஒவ்வொன்றும் 55 மீட்டர் என்று வைத்தால் ஆறரைக் கிலோமீட்டர் செம்பு ஒரு வயலுக்கு அடியில் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒற்றைக் கம்பமும் புல்லும்தான் தெரியும்.

மண்ணும் சேர்ந்து பாடுகிறது. ஈரமும் உப்பும் உள்ள களிமண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தரையலை அதன்மேல் வெகுதூரம் ஓடும். பாறையும் வறண்ட மணலும் அலையைச் சீக்கிரம் தின்றுவிடும். டெக்சாஸிலிருந்து வடக்கே நீளும் பெருஞ்சமவெளி அமெரிக்காவின் சிறந்த கடத்தும் நிலங்களில் ஒன்று. பருத்திக்குக் கைகொடுத்த அதே கரிசல், பருத்தி பறித்தவர்களின் பாட்டுக்கும் கைகொடுத்தது. இரவானால் சட்டம் குறுக்கே வரும். 1350 போன்ற அலைவரிசைகளை நாடெங்கும் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் எஃப் அடுக்கைத் தொட்டால் ஒன்றும் புரியாத இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே பொழுது சாய்ந்ததும் சிலர் திறனைக் குறைக்க வேண்டும். சிலர் பல கோபுரங்களைக் கொண்டு அலையை ஒரு திசைக்கு மட்டும் அனுப்ப வேண்டும். சிலர் நிலையத்தையே மூட வேண்டும். சூரியனின் அட்டவணையைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்த தொழில் இது.

பாட்டுக்கு வருவோம். கே.சி.ஓ.ஆர். பிறந்த வேளை, டெக்சாஸ் மெக்சிகோ இசையே உருமாறிக்கொண்டிருந்த வேளை. அதற்குக் காரணங்களில் ஒன்று இந்தியாவோடு சம்பந்தப்பட்டது. அந்நாளைய 78 சுற்று இசைத்தட்டு அரக்கால் ஆனது; அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. போர் மூண்டதும் வரத்து சுருங்கியது. 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கை முன்பிருந்ததில் 30 சதவீதமாக வெட்டியது. கையிருப்பை வைத்துக்கொண்டு பெரிய நிறுவனங்கள் யாரை விட்டுவிடும்? சிறு சந்தைகளைத்தான். ஸ்பானிஷ் பதிவுகள் நின்றன. ஆலிஸ் என்ற சிற்றூரில் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த அர்மாண்டோ மரோக்கின், பெட்டியில் போடப் புதுத் தட்டு கிடைக்காமல் தாமே பதிவில் இறங்கினார். பாக்கோ பெத்தன்கூர் கூட்டாளி. 1946இல் ஐடியல் ரெக்கார்ட்ஸ் பிறந்தது. மரோக்கினின் மனைவி கார்மெனும் அவர் சகோதரி லாராவும் பாடிய தட்டு முதல் வெளியீடுகளில் ஒன்று, வீடே பதிவுக்கூடம். 1948இல் மக்காலெனில் ஃபால்கன் என்ற நிறுவனம் வந்தது. ஊர்க்காரர் பாடி, ஊரில் அச்சாகி, ஊர் வானொலியில் ஒலித்து, ஊர் ஜூக்பாக்ஸில் காசு விழும் ஒரு வட்டம் இப்படித்தான் முழுமையடைந்தது.

அந்த வட்டத்தின் நடுவில் இருந்த இசை கொன்ஹுன்டோ. ஜெர்மானிய, செக் குடியேறிகள் டெக்சாஸுக்குக் கொண்டுவந்த பொத்தான் அக்கார்டியனும் போல்கா தாளமும் மெக்சிகோவின் பன்னிரண்டு தந்தி பாஹோ செக்ஸ்டோவோடு கைகோத்த இசை. நார்சிசோ மார்டினெஸ் 1936 முதல் வெளியிட்ட பதிவுகளில் அக்கார்டியனின் இடதுகைக் கீழ்ச்சுரங்களை ஏறக்குறைய விட்டுவிட்டார். அடித்தாளத்தைச் சாந்தியாகோ அல்மெய்டாவின் பாஹோ செக்ஸ்டோ பார்த்துக்கொண்டது. வலதுகை மெட்டுக்கு வேகமும் கூர்மையும் வந்தன.

இந்த ஒலி மீடியம் வேவுக்கு வாகாக அமைந்தது என்பது என் கருத்து. சாதாரண மீடியம் வேவ் பெட்டியில் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி ஏறக்குறைய வராது. சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த சுரங்களும் வராது. இரண்டு பக்கமும் வெட்டியபின் எஞ்சும் நடுப்பகுதியில்தான் மனிதக் குரலின் தெளிவும் அக்கார்டியன் நாக்குகளின் செறிவும் குடியிருக்கின்றன. அப்படியானால் பாஹோ செக்ஸ்டோவின் அடிச்சுரம்? அது ஒலிபெருக்கியை விட்டு வெளியே வருவதே இல்லை, ஆனாலும் கேட்கும். ஒரு தந்தியை மீட்டும்போது அடிச்சுரத்தோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து எழுகின்றன. அடிச்சுரத்தை நீக்கிவிட்டு மேலே உள்ள மடங்குகளை மட்டும் கொடுத்தாலும், அவற்றின் இடைவெளியிலிருந்து மூளை இல்லாத சுரத்தைத் தானே கட்டியெழுப்பிவிடுகிறது. 1954 அக்டோபரில் ரீஜென்சி டிஆர்-1 என்ற முதல் டிரான்சிஸ்டர் வானொலி அறிவிக்கப்பட்டது. அதற்கான டிரான்சிஸ்டர்களைச் செய்தது டெக்சாஸின் டாலஸ் நகரத்து டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 49.95 டாலர் அன்று பெரிய தொகை. விலை இறங்க இறங்க அந்தக் கையடக்கப் பெட்டி வயலுக்கும் போனது. வெங்காயம் பிடுங்கும் ஒருவரின் இடுப்பில் தொங்கிய பெட்டி தராத பாதி இசையை அவர் தலைக்குள்ளேயே உருவாக்கிக் கேட்டார்.

பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை என்றிருந்த டெக்சாஸ் அது. காலையில் அடி வாங்கித் தந்த மொழி மாலையில் வானொலியில் கம்பீரமாக ஒலித்தது. கோர்டெஸ் 1940களின் இறுதியில் லூலாக் என்ற லத்தீன் அமெரிக்கக் குடிமக்கள் சங்கத்தின் தேசியத் தலைவராகவும் இருந்தார். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கிவைப்பது சட்டவிரோதம் என்று 1948இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்த டெல்காடோ வழக்கில் அந்தச் சங்கம் பின்பலமாக நின்றது.

1955இல் கோர்டெஸ் தொலைக்காட்சியும் தொடங்கினார். சேனல் 41. அன்று விற்ற பெரும்பாலான பெட்டிகளால் அந்த உயர் அதிர்வெண்ணைப் பிடிக்கவே முடியாது. தனியாக ஒரு மாற்றி வாங்கிப் பொருத்த வேண்டும். ஏழைக் கேட்பாளருக்கு அது கூடுதல் செலவு. எல்லாப் பெட்டிகளும் அந்த அலைவரிசையைப் பிடித்தாக வேண்டும் என்ற சட்டம் 1962இல் வந்தது. கோர்டெஸ் 1961லேயே நிலையத்தை விற்றுவிட்டார். வாங்கிய கூட்டமைப்பில் எக்ஸ்.இ.டபிள்யூ.வை நிறுவிய எமிலியோ அஸ்காரகாவும் கோர்டெஸின் மருமகன் எமிலியோ நிக்கோலாஸும் இருந்தார்கள். இன்றைய யூனிவிஷன் தொலைக்காட்சியின் வேர் அந்தச் சேனல் 41. கோர்டெஸ் 1971இல் காலமானார்.

பிறகு பாட்டு மெல்ல மெல்லப் பண்பலைக்கு நகர்ந்தது. மீடியம் வேவில் செய்தி அலையின் உயரத்தில் எழுதப்படுகிறது. மின்னலோ மோட்டாரோ அலையின் உயரத்தைக் குலைத்தால் அது கரகரப்பாகக் கேட்கும். எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற முறையில் செய்தி அதிர்வெண்ணில் எழுதப்படுகிறது. உயரம் எவ்வளவு குலைந்தாலும் பெட்டி கண்டுகொள்ளாது. விலை என்னவென்றால், பண்பலை அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். தொடுவானத்தைத் தாண்டிக் கேட்காது. நகரத்துக்கு அதுவே போதும். 1992 இறுதியில் லாஸ் ஏஞ்சலஸின் 97.9 பண்பலையில் இருந்த கே.எல்.ஏ.எக்ஸ்., பித்தளைக் கருவிகள் முழங்கும் பாண்டா இசையைக் காலையிலிருந்து இரவுவரை போட்டு, அந்நகரின் எல்லா நிலையங்களையும், ஆங்கிலம் உட்பட, முந்தி முதலிடம் பிடித்தது. விளம்பர உலகம் அதை நம்பவே திணறியது. நம்பாததற்குக் காரணம் அறியாமை என்றுதான் சொல்வேன். அந்தக் கேட்பாளர்கள் அறுபது ஆண்டுகளாக அங்கேயே இருந்தார்கள். 2006 மார்ச் 25 அன்று குடியேறிகள் உரிமைக்காக அதே நகரின் வீதிகளில் லட்சக்கணக்கானோர் வெள்ளை உடையில் திரண்டபோது, அவர்களை அழைத்ததில் ஸ்பானிஷ் பண்பலைக் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு இருந்தது.

மீடியம் வேவுக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து காருக்குள்ளிருந்து வருகிறது. மின்சார காரில் மின்கலத்தின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் கருவி, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு திறப்பும் மூடலும் சிதறவிடும் இரைச்சல் மீடியம் வேவ் பட்டையில் வந்து விழுகிறது. சில நிறுவனங்கள் அந்தப் பட்டையையே காரிலிருந்து எடுத்துவிட்டன. ஃபோர்டு 2023இல் எடுக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு காரிலும் அது இருந்தாக வேண்டும் என்ற மசோதாவும் அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தது. அலைபேசிக் கோபுரம் எட்டாத வயல்வெளிகளில் இன்றும் அதிக தூரம் போவது மீடியம் வேவ்தான். புயல் எச்சரிக்கையும் அதன் வழியாக எட்டும். கவசமிட்ட கம்பியாலும் வடிகட்டிகளாலும் அடக்கக்கூடிய ஓர் இரைச்சலுக்காக, ஏழைகளிடம் கடைசியாக மிஞ்சியிருக்கும் அலைவரிசையைப் பிடுங்குவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.